மறுகன்ன ஊழியம்

வாய்க்கால்கரைச் சபையில் தாழ்மையினால் முதலில் உடைந்தது மூப்பர் ஜெபநாயகத்தின் மூக்குக்கண்ணாடி.

அந்தச் சபை, கிளிநொச்சியிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், நீர்ப்பாசன வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்தது. தகரக்கூரை, உட்கார நீல நிற வாங்குகள், ஒரு கீபோர்ட், ஊருக்கே பிரசங்கம் கேட்கக்கூடிய ஒலிபெருக்கிகள். கொழும்பில் இருக்கும் தலைமைச் சபை வருடத்துக்கு ஒரு தலைப்பு அனுப்பும். முந்தைய வருடத் தலைப்பு எளிமை. அதன் நிறைவு விழாவைக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நடத்தினார்கள். இந்த வருடம் தாழ்மையும் தன்னலமற்ற ஊழியமும். எந்தச் சபை எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு குழு வந்து பார்க்கும். அந்தச் சபையின் போதகர், வடக்கு முழுவதற்கும் மேற்பார்வைப் போதகராக உயர்த்தப்படுவார். ஏசி போட்ட வாகனமும் உண்டு.

"தாழ்மையில எங்களை ஒருத்தரும் முந்தக்கூடாது," என்று போதகர் எட்வின் அருள்நேசன் பிரசங்கத்தில் சொன்னார். "விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில இருங்கோ எண்டு ஆண்டவர் சொல்லியிருக்கிறார். இனி எங்கட சபையில கடைசி வாங்குதான் கனத்துக்குரிய வாங்கு."

அந்தக் கடைசி வாங்கில்தான் விஜிதரன் இருப்பான். பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நெல் மூட்டை தூக்குகிறவன். அவனுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். அவன் பிறந்தது, வளர்ந்தது, ஓடியது, திரும்பி வந்தது எல்லாம் இந்த மண்ணில்தான். மனைவி ரஜிதா முள்வேலி முகாமில் இருந்த காலத்தில் கிறிஸ்தவள் ஆனாள். அவளுக்காக அவனும் ஞானஸ்நானம் எடுத்தான். கிழமை முழுவதும் மூட்டை தூக்கியவனுக்குப் பிரசங்கம் தொடங்கியதும் நித்திரை வரும். கடைசி வாங்குக்குப் பின்னால் சுவர் இருந்தது, தலையைச் சாய்க்கலாம். கடைசி இடத்தைப் பற்றி அவன் அதற்கு மேல் யோசித்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவன் போனபோது அந்த வாங்கில் ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கி இருந்தார்கள். மூப்பர் ஜெபநாயகம் அவனைக் கண்டதும் எழும்பி வந்தார். அவர் பளையைச் சேர்ந்தவர், கல்வித் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, நீர் முன்னுக்குப் போம்," என்றார். "கடைசியில இருக்கிற அளவுக்கு நீர் இன்னும் வளரேல்லை."

"நான் எப்பவும் இதிலதானே ஐயா இருக்கிறனான்?"

"அதுதான் பிரச்சினை. எங்களுக்குத் தாழ்மை கஷ்டப்பட்டுப் படிச்சு எடுக்கவேண்டிய விசயம். உமக்கு அது பிறப்பில வந்தது. பிறப்பில வந்ததுக்கு பரலோகத்தில புள்ளி இல்லை."

அவர் இதைச் சொல்லி முடித்துத் திரும்பியபோது அவருடைய இடத்தில் பெண்கள் பிரிவின் தலைவி பிரஷாந்தினி இருந்தார். மூப்பர் எழும்பச் சொன்னார். தாழ்மையில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை என்றார் பிரஷாந்தினி. மூப்பர் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். பிரஷாந்தினி கைப்பையால் அடித்தார். பைக்குள் பெரிய எழுத்து வேதாகமம் இருந்தது. கண்ணாடி இரண்டாகப் போனது. விலக்குப்பிடிக்கப் போன விஜிதரனுக்கு யாரோ முழங்கையால் நெஞ்சில் இடித்தார்கள். அவன் மூச்சு விடமுடியாமல் முன்வரிசைக்கு வந்து, காலியாகக் கிடந்த வாங்குகளில் ஒன்றில் தனியே அமர்ந்தான். முன்னுக்கு இருந்த ஒரே மனிதன் என்பதால் அன்று போதகரின் கண்ணுக்கு அவன் மட்டும்தான் தெரிந்தான்.

அன்றைய பிரசங்கம் ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறுகன்னத்தையும் கொடுப்பது பற்றியது.

"வார்த்தையால சொன்னால் போதாது, செய்து காட்டவேணும்," என்றார் போதகர். "சகோதரர் விஜிதரன், எழும்பி வாரும். என்ர கன்னத்தில அடியும்."

விஜிதரன் போனான். கையைத் தூக்கி, ஈ ஓட்டுவதுபோலப் போதகரின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எடுத்தான்.

"இதென்ன? இலையான் கலைக்கிறீரோ? அடியும் ஐசே!"

"என்னால ஏலாது பாஸ்ரர். நீங்கள் எனக்கு ஒண்டும் செய்யேல்லையே."

"ஊழியக்காரன்ர சொல்லைக் கேளாத உமக்கு எவ்வளவு பெருமை!" என்று சொல்லிப் போதகர் அவனுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "இப்பிடி அடிக்கவேணும்!"

காது கூவியதால் விஜிதரன் முகத்தை மறுபக்கம் திருப்பினான். போதகருக்கு அது பிடிக்கவில்லை. "உம்மட மறுகன்னத்தை ஆர் கேட்டது? இது என்ர முறை!" என்று கத்தி மறுபக்கமும் அறைந்தார். அதற்குப் பிறகுதான் விஜிதரன் அடித்தான். மூட்டை தூக்குகிற கை. போதகர் கீபோர்ட்டின் மேல் விழுந்தார். அது அவருடைய நெஞ்சுக்கு அடியில் நீளமாக ஒரு சுரம் போட்டது.

சபை எழும்பி நின்று கை தட்டியது. போதகர் இரத்தம் ஒழுகும் உதட்டோடு எழுந்தார். "ஸ்தோத்திரம்," என்றார். "மறுகன்னத்தை நேரம் போதாமையால் வேறொரு நாளுக்கு வைப்பம். இப்ப அறிவித்தல்கள்."

அன்று பின்னேரம் விஜிதரன் வீங்கிய முகத்தோடு பக்கத்து வீட்டு வளவுக்குப் போனான். அங்கே இராசமலர் இருந்தார். ஐம்பது கடந்தவர், சைவக்காரி. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலோடு போனது. புருசன் அதற்கு முன்பே போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அவருடைய பழைய சக்கரநாற்காலி உடைந்துபோனதால் விஜிதரன் காலையிலும் பின்னேரத்திலும் அவரைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோவான். ரஜிதா குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, தலை வாரிவிடுவாள். பிறகு மூவரும் தேத்தண்ணீர் குடிப்பார்கள். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

"ஆரடா உன்னை அடிச்சது?" என்றார் இராசமலர்.

"பாஸ்ரர், மலரக்கா. தன்னை அடிக்கச் சொல்லி அடிச்சவர்."

நடந்ததை ரஜிதா சொன்னாள். இராசமலர் அவனுடைய கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். "என்ர மனுசன் இருந்திருந்தால் அவனை உங்கட பாஸ்ரராக்கியிருக்கலாம்," என்றார். "காரணம் இல்லாமல் அடிக்கிறதில அவனை வெல்ல ஆளில்லை."

அந்தக் கிழமையே சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. அடி வாங்கும் பாக்கியத்தைப் போதகர் தனியே அனுபவிக்கிறார் என்று மூப்பர் ஜெபநாயகம் முறைப்பாடு செய்திருந்தார். கொழும்பிலிருந்து வரும் குழு போதகரின் உதட்டை மட்டும் பார்த்தால் மற்றவர்களின் தாழ்மை எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மறுகன்ன ஊழியம் நடக்கும். மூப்பர்களுக்கு முதலில், பிறகு பதவியில் உள்ளவர்களுக்கு, அதன் பிறகு மற்ற விசுவாசிகளுக்கு. அடிக்கும் பொறுப்பு விஜிதரனுக்கு.

அவனை வரவழைத்துச் சொன்னார்கள்.

"எனக்கு வேண்டாம் ஐயா," என்றான். "வேற ஆரையும் பிடியுங்கோ. எனக்கு ஆரோடயும் கோவம் இல்லை."

"கோவம் இல்லாமல் அடிக்கிறதுதான் ஊழியம்," என்றார் மூப்பர்.

"ஏன் நீங்களே ஒருத்தரை ஒருத்தர் அடிக்கேலாதோ?"

போதகர் பொறுமையாக விளக்கினார். "அது சண்டை தம்பி. எங்களுக்குச் சமமான ஒருத்தர் எங்களை அடிச்சால் அது அவமானம். எங்களைவிடக் கீழ உள்ள ஒருத்தர் அடிச்சால்தான் அது தாழ்மை. அதுக்கு உம்மை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். ரஜிதா சபையின் முன்பள்ளியில் சமைத்துக் கூட்டிக் கழுவுகிற வேலையில் இருந்தாள். "அந்த வேலை சபை குடுத்தது. தாழ்மையா யோசிச்சுப் பாரும்," என்றார்.

அவன் யோசித்துப் பார்த்தான்.

பெண்களை அடிக்கமாட்டேன் என்பதில் மட்டும் அவன் அசையவில்லை. பெண்களை அடிக்காமல் விடுவது பெண்ணடிமைத்தனம் என்று பிரஷாந்தினி மைக்கில் பேசினார். பெண்கள் பகுதி ரஜிதாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரஷாந்தினிதான் முன்பள்ளிக்கும் மேலாளர். ரஜிதாவின் பருப்பில் உப்புக் கூடிவிட்டது என்று பிள்ளைகளுக்கு முன்னால் சட்டியை வாய்க்காலில் வீசியவர். ரஜிதா முதல் ஞாயிறு நடுங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கணவனிடம், "இண்டைக்கு எனக்கு நல்லாப் பசிக்குது," என்றாள்.

விஜிதரனுக்குப் பசிக்கவில்லை. ஞாயிறுகளில் அவனால் எதையும் விழுங்க முடியாமல் போனது. வரிசையில் வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் முகங்கள் அவனுக்குக் கனவில் வந்தன. மெதுவாக அடித்தால் ஏசினார்கள். மூப்பருக்குப் பலமாகவும் தனக்கு லேசாகவும் அடித்துவிட்டான் என்று கடைக்காரர் ஒருவர் அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார். வீக்கம் வராத இருவர் வீட்டுக் கதவில் முகத்தை இடித்துக்கொண்டு வந்ததாகச் சபைக்குள் குற்றச்சாட்டு எழுந்தது. அதை விசாரிக்கப்போன இடத்தில் உண்மையாகவே அடிபாடு நடந்து, ஒருவருக்குக் கைவிரல் முறிந்தது. கிளிநொச்சிச் சந்தையில் வீங்கிய கன்னத்தோடு நடப்பவர்களைக் கண்டால் சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதைச் சபையார் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். படங்கள் முகநூலில் போயின, ஒவ்வொன்றின் கீழும் கூப்பிய கைகள்.

ஒருவரும் மறுகன்னத்தைக் காட்டவில்லை. அவன் ஒருநாள் கேட்டும் பார்த்தான்.

"மற்றக் கன்னம், ஐயா?"

"அது விசுவாசத்தில இருக்குது தம்பி," என்றார் மூப்பர். "கண்ணால காணத் தேவையில்லை."

மார்கழி மழை தொடங்கிய ஞாயிறு மூப்பரின் தாடை விலகியது. முன்னதாகப் போதகருக்கு ஒரு பல் போயிருந்தது. தனக்கும் குறைந்தது ஒரு பல்லாவது போகவேண்டும் என்று மூப்பர் விஜிதரனுக்கு முன்னால் நின்று காலைத் தரையில் உதைத்துக் கேட்டதன் விளைவு அது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "ஆர் அடிச்சது?" என்று கேட்டார். மூப்பர் பரலோகத்தைப் பார்த்து, சரியாக மூடாத வாயால், "கிருபை," என்றார். டொக்டர் அந்தப் பெயரில் ஒருவரைத் தேடும்படி பொலிஸுக்கு அறிவித்தார். பொலிசார் வந்து வாய்க்கால் கரையில் கிருபை என்ற பெயருள்ள ஒரு மீன் வியாபாரியை ஏற்றிக்கொண்டு போய், அந்த மனிதர் அழுதபிறகு விட்டார்கள்.

கொழும்புக் குழு தை மாதம் வருவதாகச் செய்தி வந்தது. தாழ்மை போதியளவு கையிருப்பில் இருந்தது. தன்னலமற்ற ஊழியம் என்ற பகுதி மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்கு வழியைப் பிரஷாந்தினிதான் கண்டுபிடித்தார். ரஜிதா வேலைக்குப் பிந்தி வந்த ஒரு காலையில் காரணம் கேட்டபோது, மலரக்காவைக் குளிக்க வார்த்ததில் நேரம் போய்விட்டது என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றே விஜிதரன் போதகரின் அறைக்கு அழைக்கப்பட்டான்.

"இவ்வளவு காலமா இதை ஏன் சபைக்கு மறைச்சனீர்?" என்றார் போதகர்.

"மறைக்கேல்லை பாஸ்ரர். அவா பக்கத்து வீடு."

"சபைக்குத் தெரியாமல் செய்யிற ஊழியம் கள்ள ஊழியம். உம்மட பெயருக்குச் செய்யிறீர் எண்டுதானே அர்த்தம்?"

"ஒருத்தருக்கும் தெரியாதே பாஸ்ரர். பிறகு எப்பிடிப் பெயர் வரும்?"

"எதிர்த்துக் கதைக்காதையும்!" போதகர் மேசையில் இருந்த பூச்சாடியை எடுத்து எறிந்தார். அது அவனுடைய தோளில் பட்டு உடைந்தது. பிறகு அவர் கண்ணை மூடி, கோபத்தை மேற்கொள்ளும் பெலனுக்காகச் சத்தமாக ஜெபித்தார். விஜிதரன் ஆமென் சொல்லிவிட்டுச் சாடித்துண்டுகளைப் பொறுக்கினான்.

அந்தக் கிழமை அவர்கள் ஒரு வான் வண்டியில் இராசமலரின் வளவுக்கு வந்தார்கள். போதகர், மூப்பர், பிரஷாந்தினி, கமெராவோடு ஒருவர். குழு வரும் நாளில் மேடையில் வைத்து அவருடைய கால்களைக் கழுவ விரும்புவதாகச் சொன்னார்கள். இராசமலர் கதிரையில் இருந்தபடி, நீளச் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ர கால் ஊத்தையில்லையே. ரஜிதா தினமும் கழுவிறவள்."

"அது வேற கழுவல் அம்மா," என்றார் போதகர். "இது தாழ்மை. அதோட புது வீல்செயர் ஒண்டும் தருவம்."

இராசமலர் வாசலில் நின்ற விஜிதரனைப் பார்த்தார். அவனுடைய முதுகைப் பார்த்தார் என்றும் சொல்லலாம். "வீல்செயர் உண்மையோ? அப்ப வாறன்," என்றார்.

அவர்கள் போனபிறகு ரஜிதா, "உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி வேண்டாம் அக்கா," என்றாள்.

"உன்ர புருசன் மனுசனடி, கிரேன் இல்லை," என்றார் இராசமலர். "அவன் இரவில முதுகைப் பிடிச்சுக்கொண்டு அனுங்கிறது இஞ்ச கேக்குது. ஒரு நாள் காலை நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு என்ன தேயவே போகுது?"

குழுவில் வந்தவர்களுக்குத் தலைவராக வணக்கத்துக்குரிய தேவசகாயம் வந்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, மெல்லிய குரல். மேடையில் அவருக்கு மட்டும் சிம்மாசனம் போன்ற கதிரை. அவர் அதில் இருக்க மறுத்தார். மூன்று முறை வற்புறுத்தியபின் இருந்தார். பந்தல் நிறையச் சனம். மேடையின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய சக்கரநாற்காலியில் இராசமலரை விஜிதரன் தூக்கி வைத்தான். அவர் தன்னுடைய ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். முன்னால் பித்தளைத் தாம்பாளம், பன்னீர், இரண்டு வெள்ளைத் துவாய்.

போதகர் மைக்கைப் பிடித்தார். "நான் தூசி. நான் புழு. இந்த மாவட்டத்தில என்னைப்போல ஒரு புழுவை நீங்கள் காணமாட்டீங்கள். வேற சபைகளிலயும் புழுக்கள் இருக்கலாம். ஆனால் அவை விளம்பரத்துக்கு நெளியிற புழுக்கள்."

பந்தல் கை தட்டியது. கமிட்டித் தீர்மானத்தின்படி வலது கால் போதகருக்கு, இடது கால் மூப்பருக்கு, இரண்டையும் துடைப்பது பிரஷாந்தினிக்கு. இருவரும் முழங்காலில் நின்றார்கள். போதகர் வலது பாதத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். மூப்பர் சேலையின் கரையைச் சிறிது விலக்கினார். பிறகு இன்னும் சிறிது விலக்கினார். அவருடைய முகம் மாறியது.

"என்ர கால் எங்க?" என்றார்.

"முள்ளிவாய்க்காலில கிடக்குது," என்றார் இராசமலர். "போய் எடுங்கோ."

இத்தனை நாளில் அவருக்கு எத்தனை கால் என்று கமிட்டியில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மூப்பர் திரும்பிப் போதகரைப் பார்த்தார். "இது உமக்கு முதலே தெரியும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "தெரிஞ்சுதான் எனக்கு இடதைத் தந்தனீர்."

"மைக் வேலை செய்யுது மூப்பர். சும்மா இரும்."

"பாதியை விடும்! விரல் பக்கம் நீர் கழுவும், குதிக்கால் எனக்கு!"

மூப்பர் இராசமலரின் குதிகாலைப் பிடித்து இழுத்தார். போதகர் கணுக்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இராசமலர் "ஐயோ!" என்று கத்தினார். போதகரின் முழங்கை மூப்பரின் சரியாகப் பொருந்தாத தாடையில் பட்டது. மூப்பர் பன்னீர்ச் செம்பால் போதகரின் நெற்றியில் அடித்தார். இரத்தம் தாம்பாளத்தில் சொட்டியது. துடைக்கத் தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று விளங்கிய பிரஷாந்தினி தண்ணீரோடு தாம்பாளத்தைத் தூக்கி இருவர் தலையிலும் மாறி மாறிப் போட்டார். பந்தலில் மூப்பரின் ஆட்களும் போதகரின் ஆட்களும் கதிரைகளைத் தூக்கினார்கள். ஒலிபெருக்கி விழுந்தது. வண. தேவசகாயம் கதிரையை விட்டு எழாமல், கண் கலங்க எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரநாற்காலி பின்னுக்கு உருண்டு, மேடையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, சரிந்தது. இராசமலர் தோள்பட்டை தரையில் அடிபட விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் விஜிதரனுக்குக் கேட்டது. அவன் ஓடிவந்தபோது அவருடைய உடல் கீழேயும் கால் மேலேயுமாகக் கிடந்தது. காலைப் போதகர் இன்னும் விடவில்லை.

"விடுங்கோ பாஸ்ரர்! அவா விழுந்து கிடக்கிறா!"

"துடைச்சு முடியேல்லை!" என்று கத்தினார் போதகர். அவருடைய கண் கமெராவில் இருந்தது. "படம் எடுத்து முடியட்டும்!"

அப்போது விஜிதரன் அடித்தான். முன்பு அடித்த எல்லா அடிகளும் எவ்வளவு மெதுவானவை என்று அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. போதகர் தாம்பாளத்தைத் தாண்டிப் போய் விழுந்தார். காலைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளக் கையை நீட்டிய மூப்பருக்கும் ஒன்று விழுந்தது, அவர் மேடைத்திரையைப் பிடித்துக்கொண்டு திரையோடு சேர்ந்து இறங்கினார். விஜிதரன் குனிந்து இராசமலரைத் தூக்கினான். அழுதுகொண்டிருந்தான். ரஜிதா ஓட்டோ ஒன்றை மறித்து வைத்திருந்தாள். பெண்கள் இருவரும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனபின் அவன் வீதியில் நின்றான். போதகர் மேடையில் எழுந்திருந்து கத்துவது கேட்டது.

"பொலிஸைக் கூப்பிடுங்கோ! இவன் என்னை அடிச்சிட்டான்!"

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களவர். வடக்கில் கனகாலம் இருந்து தமிழ் பழகியவர். நெற்றியில் கட்டோடு போதகரையும், தாடையில் கட்டோடு மூப்பரையும், கைகட்டி நின்ற விஜிதரனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கைபேசியில் முகநூலைத் திறந்தார்.

"இதிலயும் இவர்தானே உங்களை அடிக்கிறது? நீங்க சிரிக்கிறீங்க. கீழ அல்லேலூயா போட்டிருக்கு."

"அது தீர்மானத்தோட அடிச்சது சேர்," என்றார் போதகர். "இண்டைக்குத் தீர்மானம் இல்லாமல் அடிச்சிட்டார்."

"வித்தியாசம் என்ன?"

"அண்டைக்கு அடிச்சது எங்கட தாழ்மை. இண்டைக்கு அடிச்சது இவற்ற கோவம்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "நான் பௌத்தம். ஆனா நான் கேள்விப்பட்டிருக்கு, ஒரு பக்கம் அடிச்சா மற்றப் பக்கம் குடுக்கச் சொல்லி உங்க புத்தகத்தில இருக்குத்தானே?"

"அது உவமை, சேர்," என்றார் போதகர்.

விஜிதரன் வாயைத் திறந்தான். "சேர், மலரக்காவுக்கு எலும்பு முறிஞ்சுபோச்சு. என்னைப் பிடிச்சு வையுங்கோ, பரவாயில்லை. ஆனால் முதல் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"அதார் மலரக்கா?"

விஜிதரன் மேடையில் நடந்ததைச் சொன்னான். அதிகாரி கேட்டு முடித்து, பேனையை மூடினார். "விழுந்த அம்மா முறைப்பாடு குடுத்தா நான் உங்க ரெண்டு பேரையும்தான் உள்ள போடணும்," என்று மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னார்.

போதகர் முதலில் எழும்பினார். "நான் இந்தத் தம்பியை மன்னிக்கிறன்," என்றார். "ஞாயிறு சபையில முழங்காலில நிண்டு மன்னிப்புக் கேட்டால் போதும்."

"நான் முதலே மனசில மன்னிச்சிட்டன்," என்றார் மூப்பர். "இஞ்ச வானில வரேக்கயே."

"நான் மேடையிலயே மன்னிச்சனான்!"

"அடி விழமுதலே மன்னிச்சனான் நான்! நீர் எனக்குப் பிறகுதான்!"

மூப்பர் போதகரின் கட்டைப் பிடித்து இழுத்தார். போதகர் அவருடைய கழுத்தைப் பிடித்தார். மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸ் விழுந்து உடைந்தது. நான்கு பொலிசார் வந்து அவர்களைப் பிரிக்கவேண்டியிருந்தது. அதில் ஒருவருக்குப் பொத்தான் எல்லாம் போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அதிகாரி விஜிதரனைப் பார்த்து, வாசலைக் கையால் காட்டினார். அவன் போனான்.

இராசமலர் முறைப்பாடு கொடுக்கவில்லை. "வழக்கெண்டு இழுபட எனக்கு ஒரு கால்தான் இருக்குது," என்றார். தோளில் கட்டுப்போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ரஜிதாவை முன்பள்ளிக்கு இனி வரவேண்டாம் என்று பிரஷாந்தினி சொல்லியனுப்பினார். சக்கரநாற்காலியைச் சபை திருப்பி எடுத்துக்கொண்டது. சில்லு வளைந்திருந்தது, ஆனால் ரிப்பன் நன்றாக இருந்தது. விஜிதரன் ஆலையில் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருவான். அவர் அசையமுடியாமல் கிடந்த நாட்களில் தூக்குகிற, திருப்புகிற வேலைகளை அவனும் மற்றதை ரஜிதாவும் பார்த்தார்கள். அவரை ஒரு பக்கம் திருப்பும்போது அவர் இருவரையும் பரம்பரையோடு சேர்த்து ஏசுவார். ரஜிதா கட்டிலருகே நின்று வாய்க்குள் ஜெபிப்பாள்.

"என்னையும் அதில சேர்த்துக்கொள்," என்பார் இராசமலர். "ஆனால் அவைக்குக் கேக்காமல் சொல்லு. வந்திடுவினம்."

மாசி மாதம் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வந்த சபைக்காரர் ஒருவர் விஜிதரனிடம் சொன்னார். மற்றச் சபைகள் தாழ்மைக்காகப் பாட்டும் நாடகமும் போட்டன என்றும், வாய்க்கால்கரைச் சபை மட்டும்தான் தாழ்மைக்காக இரத்தம் சிந்தியது என்றும் வண. தேவசகாயம் அறிக்கை எழுதியிருந்தாராம். போதகர் அருள்நேசன் மேற்பார்வைப் போதகராகிவிட்டார். வாகனம் வந்துவிட்டது. மூப்பர் தனிச் சபை தொடங்கப்போகிறார்.

விஜிதரன் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் வந்து அதைச் சொன்னான். ரஜிதா சோற்றைக் குழைத்து இராசமலருக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். இராசமலர் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அடுத்த வருசத்துக்கு என்ன தலைப்பாம்?" என்றார்.

"அன்பாம், அக்கா."

இராசமலர் ரஜிதாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்தப் போர்வையை எடுத்து என்ர மிச்சக் காலையாவது மூடி விடு."

ரஜிதா கையைக் கழுவிவிட்டு வந்து, போர்வையை இழுத்து, விரல்கூடத் தெரியாமல் மூடிவிட்டாள்.